வளரும் பிள்ளைகள், வளராத முகாம்: ‘பங்க்ட்’ தொடரின் கதை

2015ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று அமெரிக்க டிஸ்னி சேனலில் ‘பங்க்ட்’ என்ற சிட்காம் (சூழ்நிலை நகைச்சுவைத் தொடர்) தொடங்கியபோது, அது எந்தத் தொடரிலிருந்து கிளைத்ததோ அந்த ‘ஜெஸ்ஸி’ இன்னும் முடிந்திருக்கவில்லை. தாய்த் தொடரின் கடைசி எபிசோடு அதே ஆண்டு அக்டோபர் 16 அன்றுதான் ஒளிபரப்பானது. இடைப்பட்ட இரண்டரை மாதங்கள், ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் ஒரே சேனலில் இரண்டு இடங்களில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். ஒன்று நியூயார்க்கில் வானுயர்ந்த கட்டடமொன்றின் உச்சி மாடி வீடு. மற்றொன்று மெய்ன் மாநிலத்துக் காட்டுக்குள் இருக்கும் கோடைக்கால முகாம். இவ்வளவு அவசரம் எதற்கு என்று கேட்டால், சிறுவர் தொலைக்காட்சி முழுவதையும் ஆட்டிவைக்கும் ஒரு காரணத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: நடிக்கும் பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருக்கிறார்கள்.

‘ஜெஸ்ஸி’ 2011 செப்டம்பர் 30 அன்று தொடங்கியது. டெக்சாஸிலிருந்து நடிப்புக் கனவோடு நியூயார்க்குக்கு வரும் ஜெஸ்ஸி பிரெஸ்காட் என்ற இளம்பெண், திரைப்பட இயக்குநர் ஒருவரின் நான்கு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்கிறாள் என்பதுதான் அதன் கதை. ஜெஸ்ஸியாக டெபி ரயன் நடித்தார். ராஸ் என்ற அந்த இயக்குநர் குடும்பத்தின் மூத்த மகள் எம்மா மட்டுமே அந்தத் தம்பதிக்குப் பிறந்தவள். டெட்ராய்ட்டில் பிறந்த லூக், இந்தியாவில் பிறந்த ரவி, ஆப்பிரிக்காவில் பிறந்த ஜூரி ஆகிய மூவரும் தத்தெடுக்கப்பட்டவர்கள். தொடர் தொடங்கிய நாளில் எம்மாவாக நடித்த பேட்டன் லிஸ்டுக்கு 13 வயது. லூக்காக நடித்த கேமரன் போய்ஸுக்கும் ரவியாக நடித்த கரன் பிராருக்கும் 12 வயது. ஜூரியாக நடித்த ஸ்காய் ஜாக்சனுக்கு 9 வயது.

நான்கு ஆண்டுகளில், 98 எபிசோடுகள் ஓடி முடிவதற்குள், அந்த வயதுகள் எங்கே போய் நின்றன என்று பார்த்தாலே சிக்கல் புரிந்துவிடும். பேட்டன் லிஸ்டுக்குப் பதினேழு. பையன்கள் இருவருக்கும் பதினாறு. ஒன்பது வயதுச் சிறுமியைக் கவனித்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் தேவை என்பது கதை. பதினேழு வயதுப் பெண்ணுக்கும் பதினாறு வயதுப் பையன்களுக்கும் அப்படி ஓர் ஆள் எதற்கு என்ற கேள்வி எழுந்த கணத்தில் அந்தக் கதையின் அடித்தளமே ஆட்டம் காண்கிறது. பெரியவர்களுக்கான சிட்காமில் முப்பது வயதுக் கதாபாத்திரம் ஐந்து ஆண்டுகள் கழித்தும் அதே நாற்காலியில் அதே தோற்றத்தோடு உட்கார்ந்திருக்க முடியும். சிறுவர் தொடரில் குரல் உடைகிறது, உயரம் கூடுகிறது, முதல் சீசனில் செல்லமாகத் தோன்றிய பேச்சு நான்காவது சீசனில் ஒட்டாமல் போகிறது. பார்ப்பவர்களும் அப்படித்தான், எட்டு வயதில் பார்க்கத் தொடங்கியவர்கள் பன்னிரண்டில் வேறு தொடருக்குப் போய்விடுகிறார்கள்.

டிஸ்னி சேனலுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. 2000களின் தொடக்கத்தில் ஒரு தொடர் 65 எபிசோடுகளை எட்டியதும் நிறுத்திவிடுவது அந்தச் சேனலின் வழக்கமாக இருந்தது; ‘ஈவன் ஸ்டீவன்ஸ்’, ‘லிஸி மெக்குவையர்’ இரண்டும் அந்த எண்ணிக்கையிலேயே முடிந்தன. அந்த வரம்பைத் தாண்டி 100 எபிசோடுகள் வரை சென்ற ‘தட்ஸ் சோ ரேவன்’ தொடரிலிருந்துதான் சேனலின் முதல் கிளைத்தொடர் பிறந்தது. ரேவனின் தம்பி கோரி, வெள்ளை மாளிகையில் சமையல்காரராகும் தந்தையோடு வாஷிங்டன் போகும் ‘கோரி இன் தி ஹவுஸ்’ 2007 ஜனவரியில் தொடங்கி 34 எபிசோடுகளோடு அடங்கிப்போனது. அடுத்து 2008இல், ஹோட்டலில் வளர்ந்த இரட்டைச் சகோதரர்களைச் சொகுசுக் கப்பலுக்கு மாற்றி ‘தி சூட் லைஃப் ஆன் டெக்’ வந்தது. இதில் பணியாற்றிய பமேலா ஈல்ஸ் ஓ’கானல்தான் பிறகு ‘ஜெஸ்ஸி’, ‘பங்க்ட்’ ஆகிய இரண்டையும் உருவாக்கியவர் என்பது கவனிக்க வேண்டிய செய்தி. பிள்ளைகளைப் பெட்டி படுக்கையோடு வேறோர் இடத்துக்கு அனுப்பினால் தொடருக்கு மறுவாழ்வு கிடைக்கும் என்பதை அவர் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருந்தார்.

ஆனால் கப்பலுக்கும் முகாமுக்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ‘பங்க்ட்’ தொடரின் ஆயுள் அந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருந்தது என்பது என் கருத்து.

கோடைக்கால முகாம் என்றதும் நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் காலையில் போய் மதியம் திரும்பும் ஓவிய வகுப்பும் நீச்சல் வகுப்பும் நினைவுக்கு வரக்கூடும். அமெரிக்கப் பிள்ளைகளின் முகாம் அப்படிப்பட்டதல்ல. கோடை விடுமுறையில் சில வாரங்களோ முழுக் கோடையுமோ வீட்டைவிட்டுப் போய், ஏரிக்கரையில் மரக்குடில்களில் தங்கி, அடுக்குக் கட்டில்களில் படுத்து, படகு வலித்து, தீமூட்டிக் கதை பேசி வாழ்வதே அங்கே முகாம். தொடரின் தலைப்பிலிருக்கும் ‘பங்க்’ அந்த அடுக்குக் கட்டிலைக் குறிக்கிறது. கனெக்டிகட் மாநிலத்தில் கன்னரி என்ற பள்ளியின் மாணவர்கள் 1861இல் மேற்கொண்ட முகாமை இந்த மரபின் தொடக்கமாகச் சொல்வது வழக்கம். ஏரிகளும் காடுகளும் நிறைந்த மெய்ன் மாநிலம் இத்தகைய முகாம்களுக்கு நெடுங்காலமாகப் பெயர்பெற்றது. ‘பங்க்ட்’ தொடரின் ‘கேம்ப் கிகிவாகா’, மூஸ் ரம்ப் என்ற கற்பனை ஊரில் இருக்கிறது. ராஸ் பிள்ளைகளின் பெற்றோர் பதின்வயதில் முதன்முதலாகச் சந்தித்துக்கொண்ட இடமும் அதுதான். காட்டில் உலவுவதாகச் சொல்லப்படும் கிகிவாகா என்ற பூதத்தின் பெயரே முகாமுக்கும் வாய்த்திருக்கிறது.

கதை எழுதுகிறவர்களுக்கு இந்த இடம் தரும் வசதிகள் ஒன்றிரண்டல்ல. சிறுவர் சிட்காமில் பெற்றோரை எப்படி அப்புறப்படுத்துவது என்பது எப்போதுமே தலைவலி. பிள்ளைகள் குறும்பு செய்ய வேண்டுமானால் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கக் கூடாது. ‘ஜெஸ்ஸி’யில் பெற்றோர் ஓயாமல் பயணத்தில் இருப்பார்கள், அதனாலேயே அவர்கள் பிள்ளைகளைக் கவனிக்காதவர்கள் என்ற எண்ணமும் பார்வையாளருக்கு உண்டாகும். முகாமில் பெற்றோர் இல்லாதது இயல்பு. அதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. அடுத்து, முகாமுக்கென்றே ஒரு படிநிலை உண்டு. சிறுவயதில் முகாமுக்கு வந்தவர்கள், பதின்வயதின் நடுவில் பயிற்சி வழிகாட்டிகளாகி, பிறகு முழு வழிகாட்டிகளாகிறார்கள். முதல் சீசனில் எம்மாவும் ரவியும் பயிற்சி வழிகாட்டிகளாகவும் ஜூரி முகாமுக்கு வந்த சிறுமியாகவும் நுழைகிறார்கள். மாடி வீட்டில் தொல்லையாக இருந்த வயது வேறுபாடு முகாமில் கதைக்குப் பலமாகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, முகாமுக்குப் பிள்ளைகள் வருவார்கள், போவார்கள். ஒவ்வொரு கோடையிலும் புதிய முகங்கள் வருவதும் பழைய முகங்கள் மறைவதும் அங்கே நடைமுறை. ஒரு குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளை திடீரென்று காணாமல் போனால் பார்வையாளர் கேள்வி கேட்பார். முகாமில் அடுத்த கோடை பிறக்கும்போது யார் இருக்கிறார்கள் என்பதே ஆவல். நடிகர்கள் வளர்வதைத் தடுக்க முடியாத ஒரு துறைக்கு இதைவிடப் பொருத்தமான களம் வாய்ப்பது கடினம்.

தொடக்கத்திலேயே ஒரு வெற்றிடம் இருந்தது. நான்கு பிள்ளைகளில் மூவர்தான் முகாமுக்கு வந்தார்கள். கேமரன் போய்ஸ், டிஸ்னி எக்ஸ்டி சேனலில் ‘கேமர்ஸ் கைடு டு பிரெட்டி மச் எவ்ரிதிங்’ என்ற தொடரின் நாயகனாகியிருந்தார். அது 2015 ஜூலை 22 அன்று, ‘பங்க்ட்’ தொடங்குவதற்கு ஒன்பது நாட்கள் முன்பு தொடங்கியது. லூக் பிறகு விருந்தினராக மட்டுமே முகாமுக்கு வந்துபோனான். அவனுடைய இடத்தை நிரப்பப் புதியவர்கள் சேர்ந்தார்கள். கிதாரும் கையுமாகத் திரியும் சாண்டராகக் கெவின் க்வின், ஜோர்ஹேவாக நேதன் அரெனாஸ், டிஃபனியாக நீனா லூ, பண்ணையில் வளர்ந்த லூவாக மிராண்டா மே ஆகியோர் அவர்கள். முகாமின் நிர்வாகி கிளாடிஸாக மேரி ஷீர் நடித்தார். ராஸ் பிள்ளைகளின் தாய்மீது அவளுக்கு இளமைக்காலத்திலிருந்தே பொறாமை.

இரண்டாவது சீசன் 2017 மே மாதம் முகாம் தீப்பற்றுவதோடு முடிந்தது. 2018 ஜூனில் மூன்றாவது சீசன் தொடங்கியபோது சாண்டர், ஜோர்ஹே, டிஃபனி, கிளாடிஸ் எவரும் தொடரில் இல்லை. முகாமை மீண்டும் கட்டியெழுப்பி நடத்தும் பொறுப்பு ராஸ் பிள்ளைகளின் கைக்கு வந்தது. முகாமுக்கு வரும் சிறுவர்களாக மட்டேயோ, ஃபின், டெஸ்டினி என்ற மூன்று புதிய கதாபாத்திரங்கள் அறிமுகமானார்கள். ரஃபேல் அலெஹாண்ட்ரோ, வில் பூயி, மாலரி ஜேம்ஸ் மஹோனி ஆகியோர் அவற்றில் நடித்தார்கள். அந்தச் சீசனின் முடிவில் பேட்டன் லிஸ்ட், கரன் பிரார், ஸ்காய் ஜாக்சன் மூவரும் விடைபெற்றார்கள். தாய்த் தொடரோடு இருந்த கடைசித் தொடர்பும் அதோடு அறுந்தது. வழக்கப்படி பார்த்தால் தொடர் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அதற்கு மாறாக 2019 ஜூனில் நான்காவது சீசன் வந்தது. லூ முகாமின் உரிமையாளரானாள். நோவாவாக இஸ்ரேல் ஜான்சன், ஏவாவாக ஷெல்பி சிமன்ஸ், க்வென்னாக ஸ்கார்லெட் எஸ்டெவெஸ் வந்து சேர்ந்தார்கள்.

இங்கே ஒரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். கிளைத்தொடர் என்பது மக்களுக்குப் பிடித்துப்போன ஒரு கதாபாத்திரத்தை நம்பித்தான் தொடங்கப்படுகிறது. அந்தக் கதாபாத்திரம் போய்விட்டால் தொடரும் போய்விடும். டிஸ்னியின் மற்றொரு கிளைத்தொடரான ‘கேர்ள் மீட்ஸ் வேர்ல்ட்’ 1990களின் ஒரு தம்பதியையும் அவர்களுடைய மகளையும் நம்பியிருந்தது. 2014 ஜூனில் தொடங்கி 2017 ஜனவரியில் 72 எபிசோடுகளோடு முடிந்துவிட்டது. ‘பங்க்ட்’ தொடரிலோ, ‘ஜெஸ்ஸி’யில் ஒருமுறைகூடத் தலைகாட்டாத லூ கடைசி வரை நிலைத்தாள். ஏழு சீசன்களிலும் முதன்மைப் பாத்திரத்தில் இருந்தவர் மிராண்டா மே ஒருவர்தான். பார்வையாளர்களில் இளையவர்கள் பலருக்கு இது வேறொரு தொடரிலிருந்து கிளைத்தது என்பதே தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்தத் தொடர்களின் சிரிப்புக்குப் பின்னால் உண்மையான வேலை இருக்கிறது. செய்பவர்கள் சிறுவர்கள் என்பதால் அதற்குச் சட்டமும் இருக்கிறது. கலிபோர்னியா மாநில விதிகளின்படி, பள்ளி நடக்கும் காலத்தில், 9 வயது முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் படப்பிடிப்புத் தளத்தில் ஒன்பது மணிநேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதில் ஐந்து மணிநேரம்தான் வேலை. மூன்று மணிநேரம் படிப்பு, ஒரு மணிநேரம் ஓய்வு. 16, 17 வயதினருக்கு மொத்தம் பத்து மணிநேரம், வேலை ஆறு மணிநேரம். தளத்தில் ஆசிரியர் ஒருவர் இருக்க வேண்டும். பாடம் நடத்துவதோடு பிள்ளைகளின் உடல்நலமும் பாதுகாப்பும் அவர் பொறுப்பு. ஸ்டுடியோவுக்குள் எழுப்பிய செயற்கைக் காட்டில், பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுக்கப்படும் சிட்காமில், நடிகர்களில் பெரும்பாலோருக்கு ஐந்து மணிநேரம்தான் இருக்கிறது என்றால் ஒவ்வொரு காட்சியும் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் திட்டமிடப்படும். நடிப்பவர் பெரியவராக இருந்தால் இந்த நெருக்கடி தளர்கிறது. லூ கதையின் மையத்துக்கு நகர்ந்ததற்கு மிராண்டா மேயின் நகைச்சுவைத் திறனே முதற்காரணம் என்று நான் நம்புகிறேன்; ஆனாலும் பிள்ளைகள் புடைசூழ நடுவில் வளர்ந்த நடிகர் ஒருவர் இருப்பது படப்பிடிப்புக்கு எவ்வளவு உதவும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சம்பளத்துக்கும் சட்டம் உண்டு. 1921இல் சாப்ளினோடு நடித்து உலகப் புகழ்பெற்ற சிறுவன் ஜாக்கி கூகன், வளர்ந்த பிறகு தன் சம்பாத்தியம் ஏறக்குறைய முழுவதும் செலவழிக்கப்பட்டுவிட்டதை அறிந்து, 1938இல் தாய்மீதும் மாற்றாந்தந்தைமீதும் வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கின் விளைவாக 1939இல் கலிபோர்னியாவில் கூகன் சட்டம் வந்தது. இன்றைய வடிவில் அது, பிள்ளையின் வருமானத்தில் 15 விழுக்காட்டை அந்தப் பிள்ளைக்கென்றே காக்கப்படும் தனிக் கணக்கில் போட்டு வைக்கக் கட்டாயப்படுத்துகிறது. எஞ்சிய 85 விழுக்காட்டுக்கு இப்படி ஒரு கட்டாயம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒன்பது வயதில் வேலைக்கு வந்த ஒரு சிறுமிக்கு இது போதுமான காவலா என்று கேட்டால், போதாது என்பதே என் பதில்.

இந்தியப் பார்வையாளர்களுக்கு இந்தத் தொடரில் மிக நெருக்கமான கேள்வி ரவியைப் பற்றியது. முதலில் எழுதப்பட்டபோது அந்தப் பாத்திரம் தென் அமெரிக்காவிலிருந்து தத்தெடுக்கப்பட்ட ஹாவியர் என்ற சிறுவன். நடிகர் தேர்வில் கரன் பிரார் தேர்வாளர்களைக் கவர்ந்துவிட, பாத்திரமே இந்தியச் சிறுவனாக மாற்றப்பட்டது. கரன், பஞ்சாபி வம்சாவளிப் பெற்றோருக்கு 1999இல் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்தவர். இயல்பில் அமெரிக்க உச்சரிப்போடு பேசுபவர். 2010இல் வந்த ‘டயரி ஆஃப் எ விம்பி கிட்’ படத்தில் சிராக் குப்தாவாக நடிக்க, இந்திய உச்சரிப்பைப் பயிற்சியாளர் ஒருவரிடம் கற்றுக்கொண்டார். ரவியும் அந்த உச்சரிப்போடுதான் வந்தான். குர்த்தா அணிந்து, படிப்பில் சுட்டியாக, எல்லாவற்றுக்கும் அஞ்சுகிறவனாக, ஏழடி நீள நீர் உடும்பு ஒன்றைச் செல்லமாக வளர்க்கிறவனாக அவன் எழுதப்பட்டான். அந்த உடும்புக்கு வைத்த பெயர் கிப்ளிங். ஆண் என்று எண்ணி வளர்த்தது முட்டையிட்ட பிறகு அது திருமதி கிப்ளிங்காகிவிட்டது.

இப்படி எழுதியதில் ஒரு சுருக்கல் இருக்கிறது. இந்தியா என்றால் உடும்பும் யானையும் ஞானமொழிகளும்தான் என்ற பழைய அமெரிக்கப் படிமத்தை அது அப்படியே எடுத்துக்கொள்கிறது. காலனியாட்சிக்கால இந்தியாவைப் பற்றி எழுதிய ஆங்கிலேயரின் பெயரை விலங்குக்குச் சூட்டியதும் அதே மனப்பான்மையிலிருந்து வந்ததுதான். அமெரிக்கப் பள்ளிகளில் படித்த இந்திய வம்சாவளிப் பிள்ளைகள் எத்தனை பேர் அந்த உச்சரிப்பால் கேலிக்கு ஆளாகியிருப்பார்கள் என்று எண்ணும்போது வருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அதே ஆண்டுகளில், வாரந்தோறும் முதன்மைப் பாத்திரமாகத் திரையில் வந்து, அண்ணன் தங்கையோடு சண்டையிட்டு, காதலில் விழுந்து, தோற்று, வென்ற இந்தியச் சிறுவன் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ரவியைத் தவிர வேறு எத்தனை பேர் இருந்தார்கள்? கரன் பிராரின் நுட்பமான நடிப்பு, எழுத்து தராத ஆழத்தைப் பல இடங்களில் அந்தப் பாத்திரத்துக்குத் தந்தது. முகாமுக்கு வந்த பிறகு ரவி பொறுப்புகளை ஏற்று நடத்துகிற இளைஞனாக மாறுவதும் அந்த நடிப்பால்தான் நம்பும்படி அமைந்தது. ‘ஜெஸ்ஸி’யின் கதையை இந்திய டிஸ்னி சேனலும் 2013இல் ‘ஓயே ஜாஸ்ஸி’ என்று ஹிந்தியில் எடுத்தது.

2019 ஜூலை 6 அன்று கேமரன் போய்ஸ், வலிப்பு நோயால் உறக்கத்தில் இறந்தார். அவருக்கு 20 வயது. ‘பங்க்ட்’ நான்காவது சீசன் தொடங்கி இரண்டரை வாரங்களே ஆகியிருந்தன. சேர்ந்து நடித்தவர்கள் சகோதரர்களாகவே பழகியிருந்தார்கள். கரன் பிராரும் அவரும் ஒரே வீட்டில் தங்கியிருந்தவர்கள். 2023இல் ‘டீன் வோக்’ இதழில் கரன் எழுதிய கட்டுரையில், அந்த இழப்புக்குப் பிறகு தான் கடந்துவந்த துயரத்தையும், மதுவில் புகலிடம் தேடிய நாட்களையும், சிகிச்சைக்குச் சென்றதையும், தான் இருபாலீர்ப்பு உடையவர் என்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தார். சிறுவயதிலிருந்தே பிறரைச் சிரிக்கவைப்பதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர் தன் வலியைத் தன் சொற்களில் எழுத எவ்வளவு காலம் ஆகியிருக்கிறது என்பதை அந்தக் கட்டுரையைப் படிப்பவர் உணராமல் இருக்க முடியாது. போய்ஸின் பெற்றோர் அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை வலிப்பு நோய் பற்றிய ஆய்வுக்கும் விழிப்புணர்வுக்கும் உழைத்துவருகிறது.

மற்ற இருவரும் தங்கள் வழியில் நடந்தார்கள். பேட்டன் லிஸ்ட் ‘கோப்ரா காய்’ தொடரில் டோரியாக, எம்மாவின் சாயலே இல்லாத கோபக்காரப் பெண்ணாக நடித்தார். 2023இல் ‘ஸ்கூல் ஸ்பிரிட்ஸ்’ தொடரின் நாயகியானார். ஸ்காய் ஜாக்சன் 2019இல் தன் அனுபவங்களை நூலாக எழுதினார்.

முகாமும் தன் வழியில் தொடர்ந்தது. 2021 ஜனவரியில் ஐந்தாவது சீசன், ட்ரெவர் டோர்ஜ்மன் நடித்த பார்க்கர் பிரெஸ்டன் என்ற பணக்கார இளைஞனைக் கொண்டுவந்தது. 2022இல் ஆறாவது சீசன் மெய்ன் காட்டையே விட்டுவிட்டு, வயோமிங் மாநிலத்தில் ‘டஸ்டி டஷ்’ என்ற கற்பனை ஊரின் குதிரைப் பண்ணைக்குப் போனது. நடிகர்களை மாற்றிமாற்றி உயிர்வாழ்ந்த தொடர், இப்போது இடத்தையும் மாற்றிப் பார்த்தது. நடிகர்கள் நேரடியாகத் தோன்றும் டிஸ்னி சேனல் தொடர்களில் ஏழாவது சீசனை முதன்முதலாக எட்டியது இதுதான். 2024 ஆகஸ்ட் 2 அன்று அது முடிந்தது. வயோமிங்குக்கு லூவோடும் பார்க்கரோடும் புறப்பட்டுப் போனவர்களில் டெஸ்டினியும் ஒருத்தி. 2018இல் சிறுமியாக முகாமுக்குள் நுழைந்த அவள், அந்தப் பாழடைந்த பண்ணையைப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கான முகாமாக்கும் வேலையில் லூவுக்குத் துணையாக நின்றாள்.